மினியாட்டூர் வுண்டர்லாண்ட்ல ரயிலை விட எனக்குப் பிடிச்சது

ஜெர்மனில ஹாம்பர்க் போறீங்கன்னா முதல்ல மினியாட்டூர் வுண்டர்லாண்டுக்கு டிக்கெட் போட்டுட்டு அப்புறமா மத்த ப்ளானைப் போடுங்க. உலகத்துலயே பெரிய மாடல் ரயில்வேன்னு கின்னஸ்ல இடம் பிடிச்ச இடம், ஆயிரத்துக்கும் மேல ரயில் இருக்கு, அதெல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க. எனக்கு மனசுல நின்னது ரயிலை விட அங்க ரோட்டுல ஓடுற ஃபயர் இன்ஜின்தான்.

அக்கா பொண்ணை லீவுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். யூ3 மெட்ரோல பௌம்வால்ல இறங்கி நடந்தா ஸ்பைஷர்ஸ்டாட், அதாவது பழைய கிடங்குகள் இருக்குற ஏரியா, ரெண்டு பக்கமும் செங்கல் கட்டடம் நடுவுல கால்வாய். 2015ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த இடம். ஒரு காலத்துல காபி, டீ, மசாலாச் சாமான், கம்பளம்னு மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருந்த கட்டடத்துக்குள்ளதான் இப்ப இந்தக் குட்டி ரயில் எல்லாம் ஓடுது.

இதை ஆரம்பிச்சது ஃப்ரெடரிக் ப்ரௌன், கெரிட் ப்ரௌன்னு ரெட்டைப் பிறவி அண்ணன் தம்பி. ஹாம்பர்க்ல நைட் கிளப் நடத்திட்டு இருந்தவங்க. 2000ல ஃப்ரெடரிக் ஜூரிக் போனப்ப ஒரு மாடல் ரயில் கடைக்குள்ள நுழைஞ்சிருக்கார், சின்ன வயசு ஆசை திரும்ப வந்துடுச்சு, அங்க இருந்தே கெரிட்டுக்குப் போன் போட்டு உலகத்துலயே பெரிய மாடல் ரயில்வே நாம கட்டலாம்னு சொல்லியிருக்கார். 2001 ஆகஸ்ட்ல திறந்தே விட்டாங்க. யோசனைக்கும் திறப்புக்கும் நடுவுல ஒரு வருஷம்தான்ங்கிறது இன்னமும் எனக்கு ஆச்சரியமா இருக்கு.

எல்லாமே 87ல ஒரு பங்கு அளவு. அஞ்சரை அடி ஆள் அங்க ரெண்டு சென்டிமீட்டர் கூட இருக்க மாட்டார். அந்த அளவுலயே ஸ்விட்சர்லாந்து பகுதில மேட்டர்ஹார்ன் மலை கிட்டத்தட்ட ஆறு மீட்டர் உயரத்துக்கு ரெண்டு மாடியைத் தாண்டி நிக்குது, நாம படி ஏறினா மலையும் கூடவே ஏறுது. ஸ்காண்டிநேவியா பகுதில நிஜத் தண்ணி, 30,000 லிட்டர், அதுல கப்பல் போகுது. ஹாம்பர்க் பகுதில எல்ப்ஃபில்ஹார்மோனிங்கிற இசை அரங்கக் கட்டடம் அப்படியே ரெண்டாப் பிளந்து உள்ள கச்சேரி நடக்குறதைக் காட்டும். இத்தாலில வெசுவியஸ் எரிமலை வெடிக்கும். அப்புறம் அங்கங்க பட்டன் இருக்கு, இருநூறுக்கு மேல, எதை அமுக்கினா எது ஆடும்னு அமுக்கினாத்தான் தெரியும். சாக்லேட் ஃபேக்டரி பட்டனை அமுக்கினா நிஜமாவே ஒரு குட்டி சாக்லேட் வெளிய வருது. "சித்தி, இன்னொரு தடவை போலாம்"னு அவ அந்த வரிசைலயே நின்னுட்டா.

சரி, ஃபயர் இன்ஜினுக்கு வர்றேன். க்னுஃபிங்கன்னு ஒரு ஊர், நிஜத்துல கிடையாது, இவங்களாக் கற்பனை பண்ணிக் கட்டினது. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஹால் லைட் எல்லாம் மெல்ல மங்கி ராத்திரி ஆகும், வீட்டு ஜன்னல், தெரு விளக்கு, கார் ஹெட்லைட்னு ஒண்ணொண்ணா எரிய ஆரம்பிக்கும். அப்படி ஒரு ராத்திரில ஒரு கட்டடத்துல சிவப்பா வெளிச்சம் தெரிஞ்சது. சைரன் சத்தம். ஸ்டேஷன்ல இருந்து நீல விளக்கு மின்ன வண்டிங்க வரிசையா வெளிய வருது, ஒவ்வொண்ணும் நம்ம உள்ளங்கை நீளம்தான் இருக்கும், முனைல வந்ததும் இண்டிகேட்டர் போட்டுத் திரும்புது, தீப்பிடிச்ச இடத்துக்குப் போய் நிக்குது. இதுல யாரும் ரிமோட் வச்சு ஓட்டல. ரோட்டுக்கு அடில கம்பி பதிச்சிருக்காங்க, வண்டியோட முன் சக்கரத்துகிட்ட ஒரு காந்தம், அது கம்பியைப் பிடிச்சுக்கிட்டே போகும். எங்க நிக்கணும், எப்ப வேகம் குறைக்கணும், எந்த சிக்னல் சிவப்புன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. பேட்டரி இறங்கினா வண்டி தானாவே சார்ஜ் ஏத்தப் போயிடும். ரயிலுக்காவது தண்டவாளத்துல கரண்ட் வருது, போற வழியும் கட்டி வச்சது. ரோட்டுல வேற வேற வண்டி, வேற வேற வேகம், இடிக்காம ஓட வைக்கிறது அதை விடக் கஷ்டம், ஆனா அதைக் கவனிக்காமலே முக்கால்வாசிப் பேர் அடுத்த பகுதிக்குப் போயிடறாங்க.

2011ல திறந்த ஏர்போர்ட்டும் அதே மாதிரிதான், விமானம் ரன்வேல ஓடி மேல எழும்பி சுவத்துக்குள்ள மறையும். கிட்டப் போய்ப் பார்த்தா ரெண்டு மெல்லிசுக் கம்பி தாங்கிட்டு வர்றது தெரியும். தெரிஞ்சதுக்கு அப்புறமும் அடுத்த விமானம் எப்ப இறங்கும்னு போர்டைப் பார்த்துக்கிட்டே அங்கேயே நின்னோம். இறங்கினதும் கம்பியை விட்டுட்டுத் தானே உருண்டு கேட்டுக்குப் போகுது, அந்த இடம்தான் அழகு.

கன்ட்ரோல் ரூமைப் பூட்டி வைக்காம எல்லாரும் பாக்குற மாதிரி வச்சிருக்காங்க. வரிசையா மானிட்டர், அதுல எந்த ரயில் எங்க நிக்குதுன்னு பார்த்துட்டு ஆளுங்க உக்காந்திருப்பாங்க, ஏதாவது தடம் புரண்டா ஒருத்தர் எழுந்து போய்க் கையால சரி பண்ணிட்டு வருவார். குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போனா அங்க கண்டிப்பா நிறுத்திக் காட்டுங்க.

இன்னமும் கட்டிக்கிட்டேதான் இருக்காங்க. கால்வாய்க்கு மேல பாலம் போட்டு எதிர்க் கட்டடத்துக்குப் போயிட்டாங்க, அங்க 2021ல ரியோ டி ஜெனிரோ திறந்தது. 2024ல மொனாக்கோவும் திறந்தாங்க, அதுல ஃபார்முலா ஒன் காருங்க ஒண்ணையொண்ணு முந்திக்கிட்டு ஓடுது. பிரிஞ்சு கிடந்த பெர்லினோட கதையைச் சின்னச் சின்னப் பெட்டியா வச்சிருக்காங்க, அங்க பட்டன் அமுக்குற கூட்டம் கம்மி, நான் ரொம்ப நேரம் நின்னேன்.

வருஷம் முழுக்க, ஒரு நாள் விடாம திறந்திருக்கும். ஆனா சனி ஞாயிறு மத்தியானம் போகாதீங்க, நடைபாதை குறுகல், முன்னாடி நாலு வரிசை ஆள் நின்னா குட்டிப் பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது. காலைல சீக்கிரம் இல்ல சாயங்காலம் லேட்டா ஸ்லாட் எடுங்க, குறைஞ்சது நாலு மணி நேரம் ஒதுக்குங்க.

இன்னொண்ணு சொல்லணும். வருஷ ஆரம்பத்துல கூட்டம் கம்மியா இருக்குற சமயத்துல, டிக்கெட் வாங்க வசதி இல்லாதவங்களை ஃப்ரீயா உள்ள விடுறாங்க. கவுண்டர்ல போய் எனக்கு வசதி இல்லன்னு சொன்னாப் போதும், ஆதாரம் எதுவும் கேக்க மாட்டாங்க. இதை ஆரம்பிச்ச ப்ரௌன் சகோதரர்கள் மேல எனக்கு மரியாதை கூடினதே இதனாலதான். அந்தப் பக்கம் படிக்க வந்து கையைக் கடிச்சுட்டு இருக்குற பசங்க யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க, தேதியெல்லாம் அவங்க வெப்சைட்லயே போடுவாங்க.