பால் ஸ்கேன்

பசியில் வீறிட்டு அழும் கைக்குழந்தைக்குப் பாலைக் கண்ணில் காட்டக்கூடாது என்றால் எவ்வளவு கஷ்டம்!

தங்கை மகள் குடிப்பதையெல்லாம் கக்குகிறாள், இரவில் இருமல் வேறு. அதற்குத்தான் இன்று மில்க் ஸ்கேன், குடித்த பால் வயிற்றிலிருந்து மேலேறி வருகிறதா என்று பார்ப்பது. நாலு மணி நேரம் வெறும் வயிறு. அம்மாவின் பால் வாசனைக்கு இன்னும் அழுவாள் என்று தங்கை தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம் ஈய டப்பாவிலிருந்து ஒரு சிரிஞ்சை எடுத்து, டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க மருந்தைப் புட்டிப் பாலில் கலந்தார்கள். நிறம்கூட மாறவில்லை. மடமடவென்று குடித்துவிட்டு கேமராவுக்கு அடியிலேயே தூங்கிப்போனாள், மகராசி.

கதிர்வீச்சு என்றதும் எங்கள் அம்மா போனிலேயே பதறிவிட்டார். அந்தக் கேமரா எந்தக் கதிரையும் பாய்ச்சுவதில்லை, பாலிலிருந்து வருவதைப் படம் பிடிக்கிறது, அவ்வளவுதான். அந்த மருந்தும் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். யாரோ சொன்னார்கள் என்று கண்ட சொட்டு மருந்தையும் புகட்டும்போது இந்தப் பதற்றம் நமக்கு வருவதில்லை.

போகிறவர்கள் மாற்றுத்துணி நிறையக் கொண்டுபோங்கள். கக்கிய பால் சட்டையில் பட்டால் அதுவும் படத்தில் பளிச்சென்று விழுந்து குழப்பும்.