எது அழுக்கு, எது கனவு

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், பழைய படங்களில் அழுக்கு துடைப்பது. ஸ்கேன் ஆகி வந்த ஃப்ரேம்களில் தூசி, கீறல், ஒட்டுப்போட்ட இடத்துக் கறை, வெளிச்சத் துடிப்பு, ஆட்டம் எல்லாவற்றையும் தேடித்தேடி எடுக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ஸ்டூடியோப் படங்களை நிறையத் துடைத்திருக்கிறோம். முதல் சுற்றை மென்பொருளே முடித்துவிடும். அதற்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான்: முந்தின ஃப்ரேமிலும் இல்லை, அடுத்த ஃப்ரேமிலும் இல்லை, நடுவில் மட்டும் இருக்கிறது என்றால் அது தூசி. சாதாரணக் கதைப் படத்துக்கு இது போதும்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு எங்கள் டீம் லீட் மேடம் 1920, 30, 40களில் வந்த அமெரிக்கச் சோதனைக் குறும்படங்களைப் போட்டுக் காட்டுவார். எங்களுக்கு ஆர்டராக வந்த படங்கள் அல்ல, பயிற்சிக்குத்தான். “இதில் எதையெல்லாம் துடைப்பாய், சொல்லு” என்பார். பெரும்பாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

மாயா டெரனும் அலெக்சாண்டர் ஹாமிதும் 1943இல் லாஸ் ஏஞ்சல்ஸில் எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 14 நிமிடம்தான். மாடிப்படியில் டெரன் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு ஏறுகிற இடம் ஒன்று உண்டு, வீடே கப்பல்போல இப்படியும் அப்படியும் சாய்கிற மாதிரி இருக்கும். வீடு எங்கே சாய்கிறது, கேமராவைத்தான் சாய்க்கிறார்கள், அதற்கு எதிர்ப்பக்கமாக அவர் போய் விழுகிறார், அவ்வளவுதான் தந்திரம். ஸ்டெபிலைஸ் பட்டனை அழுத்தினால் மென்பொருள் கேமராவின் சாய்வை நிமிர்த்திவிடும், அப்புறம் மிஞ்சுவது நேரான படியில் காரணமில்லாமல் தள்ளாடுகிற ஒரு பெண். அதே படத்தில் கையில் கத்தியோடு அவர் நடந்து வரும்போது ஒரு அடி கடற்கரையில், அடுத்தது புல்லில், அப்புறம் நடைபாதையில், கடைசி அடி அறைக்குள் விரிப்பில். கால் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். டெரனுக்குத் தன்னை சர்ரியலிஸ்ட், அதாவது கனவையும் ஆழ்மனத்தையும் அப்படியே கலையாக்குகிறவர், என்று சொல்வது பிடிக்காது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தால், ஆழ்மனத்திலிருந்து தானாகக் கொட்டியது எதுவும் அங்கே இல்லை. தச்சு வேலைமாதிரி எல்லாம் அளந்து வெட்டியது.

அதற்கு முன்னால், 1928இல், ராபர்ட் ஃப்ளோரியும் ஸ்லாவ்கோ வோர்காபிச்சும் ஹாலிவுட்டிலேயே இருந்துகொண்டு ஹாலிவுட்டை வைத்து ஒரு கனவு எடுத்தார்கள். துணை நடிகனாக வந்தவனுக்குப் பெயர் போய், நெற்றியில் 9413 என்று எண் எழுதிவிடுகிறார்கள். செத்து சொர்க்கம் போன பிறகுதான் எண் அழிகிறது. நகரம் என்று காட்டியதெல்லாம் அட்டையும் பொம்மை ரயிலும். ஆன செலவு 97 டாலர், அதில் 55 டாலர் கழுவிப் பிரதி எடுக்கவே போயிற்று என்பார்கள். கேமரா பிடித்தவர்களில் ஒருவர் கிரெக் டோலண்ட், பின்னால் ‘சிட்டிசன் கேன்’ படத்துக்குக் கேமரா பிடித்த அதே ஆள்.

அதே 1928இல் ரோசெஸ்டரில் ஜேம்ஸ் சிப்லி வாட்சனும் மெல்வில் வெப்பரும் எட்கர் ஆலன் போவின் அஷர் வீட்டுக் கதையைப் பட்டகம், கண்ணாடி, இரட்டைப் பதிவு (ஒரே ஃபிலிமில் இரண்டு காட்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடிப்பது) எல்லாம் வைத்து எடுத்தார்கள். ஊமைப்படம் என்பதால் சத்தங்களை எழுத்துகளாகத் திரையில் மிதக்கவிட்டிருப்பார்கள். மென்பொருளுக்கு அந்தப் படம் முழுக்கவே கோளாறுதான். வாட்சன் மருத்துவம் படித்தவர், பின்னாளில் எக்ஸ்ரேயை ஓடும் படமாகப் பிடிப்பதில் இறங்கிவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

எங்கள் அறையில் இன்றுவரை சண்டை தீராத படம் அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னலுடையது. ‘ஈஸ்ட் ஆஃப் போர்னியோ’ என்ற 1931ஆம் வருடத்துப் பேசும்படத்தின் ஒரு பிரதியை வெட்டி, கதையை வீசிவிட்டு, நடிகை ரோஸ் ஹோபார்ட் வருகிற காட்சிகளை மட்டும் பெரும்பாலும் வைத்து ஒட்டி, அவர் பெயரையே படத்துக்கும் வைத்தார். 1936இல் நியூயார்க்கில் ஜூலியன் லெவியின் கேலரியில் போட்டபோது வசனம் கிடையாது, ஊமைப்பட வேகம், முன்னால் நீலக் கண்ணாடி, கூடவே பிரேசில் இசைத்தட்டு. பார்க்க வந்திருந்த சர்ரியலிஸ்ட் ஓவியர் டாலி, தன் மண்டைக்குள் இருந்ததைக் கார்னல் திருடிவிட்டார் என்று கத்தி ரகளை செய்ய, கூச்ச சுபாவக்காரரான கார்னல் அதன் பிறகு படத்தை வெளியே காட்டவே தயங்கினார். சரி, இப்போது எங்களிடம் இந்தப் படம் வந்தால் எதை மூலம் என்று வைத்துக்கொள்வது? கீறல்களில் சில போர்னியோ பிரதி ஓடி ஓடித் தேய்ந்தபோதே விழுந்திருக்கலாம், கார்னல் அவற்றோடுதான் எடுத்து ஒட்டியிருப்பார். நிறமும் அப்படியே: நீலக் கண்ணாடியில் காட்டியவரே பின்னாளில் பிரதி போட்டபோது ரோஸ் நிறம் கேட்டார். மேடம் ரோஸ் கட்சி, கடைசியாகக் கேட்டதுதான் செல்லும் என்பார். நான் நீலம். கீறல் விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து, கை வைக்கக் கூடாது.