கைப்பையில் ஊசி நூல்: சென்னையிலிருந்து சிகாகோ வரை

விமானத்தில் ஊசியை விடவே மாட்டார்கள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். விடுகிறார்கள். தொல்லையெல்லாம் நூலை வெட்டும் பொருளில்தான். மகளின் பிரசவத்துக்காக ஃபிராங்பர்ட் வழியாகச் சிகாகோ போனபோது வழிநெடுகத் தைத்துக்கொண்டே போனேன். கைவேலை செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் என் ஏற்பாட்டை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் விதி. அமெரிக்காவில் தையல் ஊசிக்குத் தடை இல்லை. கத்தரிக்கோலின் அலகு 4 அங்குலத்துக்குள் இருந்தால் கைப்பையில் வைக்கலாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சின்னக் கத்தரியைக்கூடத் தடுத்து வைத்திருந்தவர்கள், 2005 டிசம்பரில்தான் இப்படித் தளர்த்தினார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அளவு 6 செ.மீ. பிடியைச் சேர்த்து அளப்பதில்லை. இரண்டு அலகும் சேரும் திருகாணியிலிருந்து நுனிவரைதான் கணக்கு. நம் ஊரில் கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்காமல் இருப்பதே நல்லது. முன்பு ஓர் உள்நாட்டுப் பயணத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் விரல் நீளக் கத்தரியை வாங்கி, பறித்த பொருள்களைப் போடும் பெட்டியில் போட்டுவிட்டார்கள். அவருடைய பெரிய பெட்டி ஏற்கெனவே செக்-இன் ஆகிப் போய்விட்டதால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஃபிராங்பர்ட்டில் விமானம் மாறும்போது மறுபடியும் சோதனை உண்டு. ஆகவே போய்ச் சேரும் நாட்டின் விதியை மட்டும் பார்த்துப் பை கட்டினால் போதாது. வழியில் எந்த இடம் மிகக் கறாரோ, அதற்கேற்பத்தான் கட்ட வேண்டும். விதி எப்படி இருந்தாலும் கடைசி முடிவு சோதனையில் நிற்கும் அதிகாரியுடையது. அதனால் பறிபோனால் மனசு தாங்காத எதையும் நான் கைப்பையில் வைப்பதில்லை. அம்மா கொடுத்த பித்தளைப் பிடி மீரட் கத்தரி, தையல் பிரிக்கும் கருவி, கொக்கி நுனி கொண்ட ஆரி ஊசி எல்லாம் பெரிய பெட்டிக்குள் போயின. கத்தரியின் அலகைக் கெட்டி அட்டையில் சுற்றி டேப் ஒட்டினேன். பெட்டியைத் திறந்து பார்ப்பவரின் கையில் குத்தக்கூடாது.

கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வட்ட நூல்வெட்டி பதக்கம் மாதிரி அழகாக இருக்கும்; விமானத்துக்கென்றே பலர் வாங்குகிறார்கள். உள்ளே வட்ட பிளேடு இருப்பதால் அமெரிக்க விதிப்படி அதைச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். எனக்குக் கைகொடுத்தது பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் டென்டல் ஃப்ளாஸ் டப்பா. அதன் வாயில் ஒரு சின்னத் தகரப் பல் இருக்கிறதே, அது பருத்தி நூலைச் சுலபமாக அறுக்கும். உள்ளே இருந்த ஃப்ளாஸை எடுத்துவிட்டு, நூல் சுற்றிய பாபினை வைத்துக்கொண்டேன். நூலை இறுக்கிப் பிடித்து ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். தளர்த்திப் பிடித்தால் நுனி பிசிறும்.

தைக்க எடுத்துப்போனது அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. பிறக்கும் குழந்தைக்குப் போர்த்த, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன அந்தத் துணியை விட நல்லது எனக்குத் தெரியவில்லை. வீட்டிலேயே அளவாக வெட்டி, மூன்று மடிப்பாக அடுக்கி, குண்டூசி வேண்டாம் என்று பெரிய பெரிய தையலாக டாக்கா (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டு நிறுத்தினேன். விமானத்தில் ஊசியை ஏற்றி இறக்கி நேராக ஓட்டும் ரன்னிங் ஸ்டிச் மட்டும்தான் மிச்சம். சுங்குடியில் ஒரு வசதி: முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஒரு புள்ளியில் ஊசியை இறக்கி அடுத்த புள்ளியில் ஏற்றினால் போதும். கோடு போட சாக்பீஸும் வேண்டாம், அடிக்கோலும் வேண்டாம்.

ஊசிகளைத் தகர டப்பாவில் போடாதீர்கள். எக்ஸ்ரே திரையில் தகரம் கருத்துத் தெரியும், பையைத் திறக்கத்தான் சொல்வார்கள். நான் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா எடுத்தேன். கம்பளித் துணித் துண்டு ஒன்றில் ஊசிகளை எண்ணிக் குத்தி, அதன் மேலேயே பாதி தைத்த துணியை மடித்து வைத்தேன். சென்னையில் பையைத் தனியே ஒதுக்கி, "இது என்ன?" என்று கேட்டார்கள். டப்பாவைத் திறந்து காட்டினேன். ஊசியோடு தொங்கிக்கொண்டிருந்த தையலைப் பார்த்ததும் வேறு கேள்வியே வரவில்லை. தனியாக ஊசி மட்டும் இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். வேலை கூடவே இருந்தால் அதுவே சொல்லிவிடும். ஃபிராங்பர்ட்டில் டப்பாவைத் தொடக்கூட இல்லை.

விமானத்துக்குள் முக்கியமானது நூலின் நீளம். ஒரு முழத்துக்கு மேல் கோக்கக்கூடாது. நீள நூலை இழுக்கும்போது முழங்கை பக்கத்து இருக்கைக்காரரின் விலாவில் இடிக்கும், நூலும் சிக்கலாகும். இடைவழி ஓர இருக்கை கிடைத்தால் கை வீச இடம் உண்டு, ஆனால் ஆட்கள் போய்வரும் பாதை. அதனால் ஊசியை எப்போதும் என் பக்கமாகவே இழுத்தேன். எல்லா ஊசியிலும் கிளம்பும் முன்பே நூல் கோத்துவைத்தது நல்லதாகப் போயிற்று. மங்கிய வெளிச்சத்தில் ஊசிக்காது தேடும் பாடு இல்லை. அதைவிட, நூல் கோத்த ஊசி கீழே விழுந்தால் நூலைப் பிடித்துத் தேடி எடுத்துவிடலாம். வெறும் ஊசி இருக்கையின் இடுக்கில் போய்விட்டால் அடுத்து உட்காருபவருக்கு ஆபத்து. சாப்பாடு வந்தாலும், பெல்ட் விளக்கு எரிந்தாலும், ஊசியைக் கம்பளியில் குத்தி டப்பாவை மூடிவிடுவேன். இறங்கும் முன் மறுபடியும் எண்ணிப் பார்த்தேன்.

சிகாகோ போய்ச் சேர்வதற்குள் நடுப்பகுதி முழுக்க முடிந்தது. ஓரம் மடித்து அடிப்பதை மகள் வீட்டில், மீரட் கத்தரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடித்தேன். திரும்பும்போது மகளின் சின்னக் கத்தரி அங்கே விதிக்குள் அடங்கும் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. அதே ஃப்ளாஸ் டப்பாதான். கைவேலைக்குப் பேத்தியின் கவுனில் நெஞ்சுப் பகுதிக்கு ஸ்மாக்கிங் (துணியைச் சுருக்கி அதன் மேல் போடும் அலங்காரத் தையல்) எடுத்துக்கொண்டேன். சுருக்கு இழைகளை மகள் வீட்டிலேயே ஓட்டிவிட்டதால், விமானத்தில் மேல்தையல் மட்டும் போட வேண்டியிருந்தது.