கர்ட்டன் தைக்கக் கொடுக்கும் முன்

அளவெடுக்க வேண்டியது ஜன்னலை அல்ல, கம்பியை. முதலில் கம்பியை மாட்டிவிடுங்கள். சட்டத்துக்கு இருபுறமும் 15 முதல் 20 செ.மீ. நீண்டிருந்தால், திறக்கும்போது துணி சுவரோரம் ஒதுங்கி வெளிச்சத்தை முழுதாக விடும்.

வளையம் பதித்த கர்ட்டனுக்குக் கம்பி நீளத்தைப்போல் இரண்டு மடங்கு அகலத்துக்குத் துணி வேண்டும்; பிளீட் (மேலே தைத்த மடிப்பு) வைத்தால் இரண்டரை வரை போகும். 180 செ.மீ. கம்பிக்கு 360. துணியின் அகலம் 140 என்றால் முழு அகலத் துண்டாக மூன்று பாகம், அதாவது பக்கத்துக்கு ஒன்றரை. அந்த அரைப் பாகத்தைச் சுவர்ப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள், ஒட்டு கண்ணில் படாது. பூப்போட்ட துணியானால் டிசைன் பொருந்த ஒவ்வொரு பாகத்துக்கும் கூடுதல் நீளம் தேவை. இதை மறந்தால் கடைசிப் பாகத்துக்குத் துணி பற்றாது.

வளையங்கள் பக்கத்துக்கு இரட்டைப்படையாக இருக்கட்டும். ஒற்றைப்படை வந்தால் ஒரு ஓரம் சுவரைப் பார்க்கும், மறு ஓரம் அறைக்குள் துருத்தும்.

பருத்தியும் லினனும் சுருங்கும். வெட்டும் முன் நனைத்து உலர்த்துங்கள். தரைக்கு 1 செ.மீ. மேலே நின்றால் போதும். தரையில் புரளவிடுவது படத்தில் அழகுதான், வீடு பெருக்குகிறவரைக் கேட்டால் தெரியும். நேர் வெயில் விழும் ஜன்னலில் லைனிங் இல்லாத பட்டு வேண்டவே வேண்டாம், சீக்கிரமே இற்றுப்போகும்.