ஐந்து கூண்டு வைத்த டாங்கி

செயின் வண்டிகளுக்கு அடிப்பாகம் டிசைன் செய்வது என் வேலை. சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரும்புச் செயினில் ஓடும் பொக்லைன், புல்டோசர் மாதிரி வண்டிகள். இந்த வேலைக்கு வந்த பிறகுதான், 1926இல் விக்கர்ஸ் நிறுவனம் பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் செய்து கொடுத்த 'இண்டிபெண்டென்ட்' டாங்கி ஏன் என்னை இவ்வளவு இழுக்கிறது என்று புரிந்தது.

எந்தப் பக்கம் எதிரி வந்தாலும் சுட வேண்டும் என்று நடுவில் 47 மில்லிமீட்டர் பீரங்கியோடு ஒரு பெரிய சுழலும் கூண்டு, அதைச் சுற்றி இயந்திரத் துப்பாக்கியோடு நாலு சின்னக் கூண்டு. உள்ளே எட்டுப் பேர். எல்லோருக்கும் உத்தரவு சொல்ல, கமாண்டருக்குத் தொண்டையில் கட்டும் மைக் கொடுத்திருந்தார்கள், அந்தக் காலத்துக்கு அருமையான யோசனை. எடை 33 டன் பக்கம்.

இவ்வளவையும் ஒரே வண்டியில் வைத்தால் நீளம் கூடத்தானே செய்யும்? ஏறத்தாழ ஏழரை மீட்டர். அகலத்தை அப்படிக் கூட்ட முடியாது, ஏனென்றால் அந்த நாட்டு டாங்கிகள் ரயிலில் ஏறிப் போக வேண்டும், அதனால் 2.7 மீட்டருக்குள் நிறுத்திவிட்டார்கள். செயின் வண்டி ஒரு பக்கச் செயினைப் பிரேக் பிடித்துத் திரும்பும்போது தரையில் கிடக்கிற செயின் முழுவதும் பக்கவாட்டில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு இழுபட வேண்டும், தரையில் படும் நீளம் இரண்டு செயினுக்கும் நடுவிலுள்ள அகலத்தைவிடக் கூடக்கூட அந்தப் பாரம் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் எல்லாம் பிரேக்கிலும் கியரிலும் வந்து விழும். இந்த எடைக்கும் வேகத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கைத் தனியாகவே உருவாக்க வேண்டியிருந்தது.

பணமில்லாமல் ஒரே ஒரு வண்டியோடு திட்டம் நின்றது. அது இப்போது இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோவியத்காரர்கள் ஐந்து கூண்டோடு டி-35 என்று அறுபது வண்டி வரை செய்தார்கள், 1941 போரில் அவற்றில் பெரும்பாலானவை எதிரி சுட்டு அழியவில்லை, வழியிலேயே பழுதாகி நின்றன. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஓட்டுநர்களை நினைத்து மனசு கனக்கும்.

எங்கள் ரிவ்யூ மீட்டிங்கிலும் இதுதான் நடக்கும். ஒருவர் பெரிய டீசல் டாங்க் கேட்பார், இன்னொருவர் நீள பூம், அதாவது மண் தோண்டும் கை, அப்புறம் அதற்கு ஈடாகப் பின்னால் எடை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயம். திரும்பும்போது என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அப்படி நீண்டுபோன வண்டி ஒன்றை ஒரு கல்குவாரியில் பார்த்தேன். ஆபரேட்டர் அண்ணன் நின்ற இடத்தில் திருப்பவே மாட்டார், பெரிய வட்டம் போட்டு வளைத்துக்கொண்டு வருவார். "திருப்புனா அடியில சத்தம் வருது சார், பயமா இருக்கு" என்றார். அந்த வார்த்தையை அப்படியே அடுத்த மீட்டிங்கில் சொன்னேன். நீளத்தைக் குறைத்தோம், கூடுதல் டீசல் டாங்க் போனது, விற்பனைப் பிரிவுக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு.