தட்டினால் மேலே வருமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இயங்குகிறது. கீழே டயர் கடை. சிறு வணிகர்களுக்கு இணையப் பக்கம் அமைத்துக் கொடுத்து, அது தேடுபொறியில் கண்ணில் படும்படி பார்த்துக்கொள்வது எங்கள் பிழைப்பு. பந்தல் போடுபவர், ரவிக்கை தைப்பவர், லாரி வாடகைக்கு விடுபவர் என்று எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயங்களில் வளர்ந்து, பால்மரக் காடுகள் செம்பனையாக மாறிய காலத்தில் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள். அவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “தம்பி, நிறைய பேர் கிளிக் பண்ணா நம்ம பக்கம் மேல வருமா?”

“வராது” என்றே பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். கூகுள் நிறுவனத்தாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொடுக்குகளில் இரைச்சல், அதாவது எதையும் உறுதியாகக் காட்டாத தற்செயல் தட்டல்கள், அதிகம்; அவற்றை நேரடியாக நம்பித் தரவரிசை அமைக்க முடியாது என்பது அவர்களின் வாதம். அந்நிறுவனத்தின் கேரி இல்யெஸ் 2019இல், சொடுக்கு விகிதம் (தேடலில் பக்கத்தைக் கண்டவர்களில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பது), பக்கத்தில் தங்கும் நேரம் ஆகியவற்றைப் பற்றிய பேச்செல்லாம் வெறும் கட்டுக்கதை என்று கடுமையாகவே ஒதுக்கினார்.

உண்மையில், அப்படி அடித்துச் சொல்லும் துணிவு எனக்கு வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அந்தத் தவற்றைச் செய்திருந்தேன். எங்கள் துறையில் பெயர்பெற்ற ராண்ட் ஃபிஷ்கின் என்ற அமெரிக்கர் 2014இல் தம்மைப் பின்தொடர்பவர்களிடம் ஒரு சொற்றொடரைத் தேடித் தம் பக்கத்தைச் சொடுக்குமாறு கேட்டார். ஏழாம் இடத்தில் இருந்த பக்கம் சில மணி நேரத்தில் முதலிடத்துக்கு வந்தது. இதைப் படித்துவிட்டு, எங்கள் முதலாளியின் ஒப்புதலோடு, நாங்கள் அறுவரும் தினமும் பசியாறப் போவதற்கு முன்னால் கைப்பேசியை எடுத்து ஒரு வாடிக்கையாளரின் தொழிலைத் தேடி அவருடைய பக்கத்தைத் தட்டினோம். மூன்றே வாரத்தில் எங்கள் கைப்பேசிகள் அனைத்திலும் அது முதலிடத்தில் நின்றது. வாடிக்கையாளரை வரவழைத்துப் பெருமையாகக் காட்டினேன். அவர் ஈப்போவில் இருக்கும் தம் மருமகனை அழைத்து அங்கேயே தேடச் சொன்னார். பக்கம் பழையபடி இரண்டாம் திரையில் கிடந்தது. முந்தைய தேடல்களை வைத்தும் இருக்கும் இடத்தை வைத்தும் தேடுபொறி விடையை ஓரளவு மாற்றித் தரும் என்பதை அன்று, ஒலிபெருக்கியில் வைத்த அழைப்பின் வழியாகக் கற்றுக்கொண்டேன்.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி ஒரு குவளைப் பாலில் மெட்ரோலாக் என்னும் மிதவையை விட்டுப் பார்ப்பாராம். ரப்பர் மிகுந்த பாலில் அது அமிழ்ந்து நிற்கும். எடை கூட வேண்டும் என்று யாராவது தண்ணீர் சேர்த்திருந்தால் உயர்ந்து நின்று காட்டிக்கொடுத்துவிடும். வாளியின் எடை ஒரு கணக்கு, அதற்குள் இருக்கும் ரப்பர் வேறு கணக்கு. எங்கள் காலைச் சொடுக்குகள் அத்தனையும் தண்ணீர்தான்.

ஆனால் “வராது” என்ற என் பதிலும் முழு உண்மை இல்லை என்பது 2023இல் தெரிந்தது. அமெரிக்க நீதித்துறை கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கில், அந்நிறுவனத்தின் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சியம் அளித்தபோது, நேவ்பூஸ்ட் என்ற அமைப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். எந்தத் தேடலுக்கு எந்த விடையை மக்கள் சொடுக்கினார்கள் என்பதைப் பதின்மூன்று மாதங்களுக்குச் சேர்த்து வைத்து, அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்தும் அமைப்பு அது. முன்னர் அந்தக் கால அளவு பதினெட்டு மாதங்களாக இருந்திருக்கிறது. அடுத்த ஆண்டு மே மாதம் வெளியே கசிந்த உள் ஆவணங்களில் நல்ல சொடுக்கு, கெட்ட சொடுக்கு, கடைசியாக நீண்டு நின்ற சொடுக்கு என்ற பொருள்படும் பெயர்களே இருந்தன. பத்திரிகைகளில் அவற்றை வாசித்த அன்று எனக்கு வந்தது வியப்பு அல்ல, கூச்சம். எத்தனை பேரிடம் ஒரே சொல்லில் மறுத்திருப்பேன்!

அந்த மூன்றாவது பெயரில்தான் விஷயம் இருக்கிறது. தேடுகிறவர் முதல் விடையைத் திறந்து, பிடிக்காமல் திரும்பி, இரண்டாவதைத் திறந்து, அதிலும் திரும்பி, நான்காவதில் போய் அப்படியே நின்றுவிடுகிறார் என்றால், அந்த நான்காவது அவருடைய தேவையைத் தீர்த்திருக்க வேண்டும். வெறும் எண்ணிக்கையை நம்பினால் மேலே இருப்பதே என்றும் மேலே இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் யோவாக்கிம்ஸ் குழுவினர் முதலிரண்டு விடைகளை இடம் மாற்றி வைத்துச் சோதித்தபோதும், மாணவர்கள் மேலே இருந்ததையே அதிகம் சொடுக்கினர். மனிதர் வரிசையை நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் கழித்துவிட்டுத்தான் சொடுக்கை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு முறுக்கு, அதிரசம் செய்து விற்கும் ஓர் அக்கா வாடிக்கையாளர். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கையில் அவருடைய பக்கம் தேடலில் அடிக்கடி தோன்றியது, வந்தவர்கள் யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. அவர் கைப்பேசியிலேயே திறந்து பார்த்தோம். முதலில் விளக்கேற்றும் படம். பிறகு நிறுவனரின் வாழ்த்து. அதன் பின் எங்கள் முதலாளி வற்புறுத்திச் சேர்த்த நகரும் பூக்கள். விலை எங்கே என்று தேடி நான்கு முறை விரலால் தள்ள வேண்டியிருந்தது. “நானே இவ்வளவு தூரம் தள்ள மாட்டேனே தம்பி” என்றார் அக்கா. பூக்களை எடுத்துவிட்டு, ஒரு டின் எத்தனை ரிங்கிட், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், எந்தத் தாமான் வரை கொண்டுவந்து தருவார்கள் என்ற மூன்று வரிகளையும் வாட்ஸ்அப் பொத்தானையும் உச்சியில் வைத்தோம். முறுக்கை ரூமி எழுத்தில் மலாய்க்காரர் ஒருவிதமாகவும் நம்மவர் ஒருவிதமாகவும் எழுதுவதால், இரண்டு எழுத்துக்கூட்டலையும் தலைப்பில் சேர்த்தோம்.

ஆர்டர்கள் வரத் தொடங்கின. பக்கத்தின் இடமும் பின்னர் சற்று உயர்ந்தது; ஆனால் அது சொடுக்குகளால் உயர்ந்ததா, தலைப்பு திருந்தியதால் உயர்ந்ததா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. நம்மைப் போன்ற சிற்றூரில் ஒரு சொல்லை மாதத்தில் தேடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மிகச் சிலரே தேடும் சொற்களை, பக்கத்தின் உரிமையாளருக்குக் கூகுள் தரும் தேடல் அறிக்கையே மறைத்துவிடுகிறது. அவ்வளவு மெல்லிய தடயத்தை வைத்து, சொடுக்குகளை வாங்கித் தருகிறேன் என்று ரசீது எழுதுவோரும் இதே பட்டணத்தில் இருக்கிறார்கள்.

இந்த ஆண்டும் அக்கா வந்து, பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளைத் தினமும் தட்டச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டபோது பழைய ஒற்றைச் சொல் வாயில் வரவில்லை. பதின்மூன்று மாதக் கணக்கிலிருந்து தொடங்கி நான் விளக்கி முடிப்பதற்குள், கீழேயிருந்து வாங்கி வந்த தே தாரிக் இரண்டும் ஆறிப்போயின.