விசேட கல்வியா, அழகியலா?

ஒருவழியாக அனுமதிக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பொது மண்டபம், சனிக்கிழமை காலையில் வயலின், ஓவிய வகுப்பு. விசேட தேவையுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து படிப்பார்கள். இதைச் சொன்னதுதான் பெரிய பிரச்சினையாகிவிட்டது.

கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை எல்லாம் சிரமமில்லை. மண்டபத்துக்குப் பொறுப்பான கந்தோரில்தான் மாட்டிக்கொண்டேன். விசேட கல்வியா, அழகியலா (சங்கீதம், சித்திரம் போன்ற கலைப் பாடங்கள்) என்று படிவம் கேட்டது. இரண்டுக்கும் புள்ளடி போட்டேன். "ஒன்றுக்குத்தான் போடலாம் மிஸ்" என்று லிகிதர் திருப்பித் தந்தார். அழகியல் என்றால், பிள்ளைகளின் வைத்திய அறிக்கை எதற்கு என்கிறார்கள். விசேட கல்வி என்றால், சங்கீதப் பரீட்சைகள் நடத்தும் வட இலங்கைச் சங்கீத சபையில் நான் எடுத்த ஆசிரியர் தரம் போதாதாம், வேறு டிப்ளோமா வேண்டுமாம். போதாததற்கு, சான்றிதழ் சிங்களத்தில் இல்லையாம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கு அதற்கும் காசு.

கடைசியில் இயலாமையுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம்தான் கைகொடுத்தது. இயலாமையைக் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பக்கத்தைச் சிங்களத்தில் போட்டோக்கொப்பி எடுத்து, மஞ்சள் மை பூசி, "அழகியல் வகுப்பு, யாரும் சேரலாம்" என்ற கடிதத்தோடு இணைத்தேன். மேலதிகாரி வாசித்தார், ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். இப்படி அனுமதி கேட்டுப் போகிறவர்கள் முதலிலேயே இதைக் கொண்டுபோங்கள்.

அப்புறம் மண்டபம். சாய்தளம் இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார்கள். இருந்தது, வாசலில். எங்களுக்குத் தந்த அறையோ மேல்மாடியில், லிப்ட் பழுது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் மகனைக் கூட்டிவந்த அம்மா அப்படியே திரும்பிப் போனார். கீழ்த்தள அறை என்று கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். அளவு நாடாவும் கொண்டுபோங்கள்: சக்கர நாற்காலி ஏறக்குறைய 25 அங்குல அகலம், கழிவறைக் கதவு 32 அங்குலமாவது திறக்கவேண்டும்.

வகுப்புக்குள் வந்தால் வேறு கதை. கர்நாடக வயலினை நிலத்தில் சம்மணமிட்டு, அதன் தலையை வலது கணுக்காலில் ஊன்றித்தான் வாசிப்போம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை எங்கே ஊன்றுவது? மேற்கத்திய முறையில் தோளில் பிடித்தால் இடது கையும் வயலினைத் தாங்க உதவவேண்டும், கமகம் (சுரங்களை வளைத்து அசைப்பது) வழுக்காது. நாற்காலியின் கைப்பிடியில் பஞ்சு சுற்றிய பலகை ஒன்றைக் கட்டினோம், சரியாக வந்தது. சத்தம் தாங்காமல் காதைப் பொத்தும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சத்தத்தைக் குறைக்கும் றப்பர் மியூட் போட்டு வாசிக்கிறார்கள். பார்வையற்ற பிள்ளைக்கு, சரளி வரிசையின் (முதலில் படிக்கும் சுரப் பயிற்சி) ஏற்ற இறக்கத்தை அட்டையில் பசையால் கோடாக இழுத்துக் காயவைத்தேன். இப்போது மற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவிப் பார்க்க அடிபடுகிறார்கள்.

அடுத்தது வயலின் பரீட்சை. சக்கர நாற்காலியில் இருந்தே பிள்ளை வாசிக்க அனுமதி கேட்டு இப்போதே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன். பற்றுச்சீட்டு பத்திரமாக இருக்கிறது.